சாகாத உயிரணுவும் அரை ஆயுளும்

கதிரியக்கப் பாடம் நடத்துகையில் ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்டுவிடுகிறார்: "அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள் என்றால் முழு ஆயுள் 16 நாள்தானே, சார்?" இல்லை. 16 நாள் சென்றபின் கால் பங்கு அணுக்கள் சிதையாமல் இருக்கும். 24 நாளில் அரைக்கால் பங்கு. பிழை மாணவருடையது அன்று. 'ஆயுள்' என்றவுடன் பிறப்பு, மூப்பு, சாவு மூன்றும் மனத்தில் வந்து நிற்கின்றன. அணுவுக்கோ மூப்பே இல்லை. நேற்று உண்டான அணுவும் ஒரு மாதம் நிலைத்த அணுவும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான். 'அரைச்சிதைவுக் காலம்' என்றால் இக்குழப்பம் குறையும்.

உயிரியலில் நிலைமை இன்னும் மோசம். சாவைக் குறிக்கும் வடமொழி வேர் 'ம்ரு'. அதன்முன் 'அ' சேர்ந்து அமரர், அமிர்தம் பிறந்தன. இலத்தீனத்து 'மோர்ஸ்', கிரேக்கத் தேவருணவாகிய 'அம்ப்ரோசியா' ஆகியவையும் இவ்வேருக்கு உறவே. தமிழிலோ மறுப்பு வேருக்குப் பின்னால் வரும்: சா, சாவா, இற, இறவா. (காலமானவரை 'அமரர்' என்று எழுதும் நம் வழக்கம் தனி வேடிக்கை!)

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றிலிருந்து எடுத்த ஹீலா உயிரணுக்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகுகின்றன. லாக்ஸ் அவ்வாண்டே இறந்துவிட்டார். இவ்வணுக்களை 'சாகாவரம் பெற்றவை' என்று எழுதுவது கதைக்கு ஆகும், அறிவியலுக்கு ஆகாது. உணவூட்டம் நின்றால் அவையும் சாகும். ஓயாதது பகுப்பு ஒன்றே. சாதாரண மனித உயிரணு வளர்ப்பூடகத்தில் ஏறத்தாழ 50 முறை பகுபட்டபின் நின்றுவிடும் என்று 1961-இல் ஹேஃப்ளிக் காட்டினார். ஒவ்வொரு பகுப்பிலும் குரோமோசோம் நுனி தேய்கிறது. ஹீலாவில் டெலோமெரேஸ் என்னும் நொதி அதை மீண்டும் நீட்டுகிறது. ஆகவே 'ஓயாப் பகுப்பணு' எனலாம்.

'உயிரணுத் தற்கொலை' என்ற தொடரோ எனக்கு அறவே பிடிக்கவில்லை. 1972-இல் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூவர் இதற்கு இட்ட பெயர் 'அப்போப்டோசிஸ்'. இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கருவிலுள்ள குழந்தையின் விரலிடைச் சவ்வு மறைவது இதனால்தான். உதிர்வு என்ற சொல் தமிழில் கையருகே இருக்கிறதே! மாசியில் இலை கொட்டும் வேப்பமரம் தற்கொலை செய்துகொண்டதாகக் கல்லுப்பட்டியில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

தீக்காயத்தில் உயிரணு உடைந்து அழிவது வேறு. அதற்கு 'நசிவு' என்ற சொல் முன்பே உண்டு. அதை மாற்ற வேண்டியதில்லை.