சுருக்குப்பையும் ஜீன்ஸ் பாக்கெட்டும்

காரைக்குடியில் கண்டாங்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நெகிழ்ந்துபோகிறோம். ஜீன்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். இரண்டும் பருத்தி. இரண்டும் நெடுங்காலம் உழைப்பதற்காக நெய்யப்பட்டவை. ஒன்று பண்பாடாகவும் மற்றது பண்பாட்டுச் சீரழிவாகவும் ஆனது எப்படி என்பதுதான் என் கேள்வி.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கி இன்று கண்காட்சிப் பொருள். அது பிறந்தது கண்காட்சிக்காக அல்ல. கனத்த நூல், அகலமான கரை, அழுக்குத் தெரியாத அரக்கும் கறுப்பும். கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி, பின்கொசுவம் வைத்து, ரவிக்கை இல்லாமல் அதை உடுத்தியவர்கள் நம் ஆச்சிகளும் அப்பத்தாக்களும். இன்றைய ஒழுக்கக் காவலர்களின் அளவுகோலை எடுத்தால் அவர்களில் ஒருவர்கூடத் தேறமாட்டார்.

ஜீன்ஸின் கதையும் ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. 1870களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரீனோ நகரில், விறகுவெட்டி ஒருவரின் மனைவி, கணவருக்குக் கிழியாத கால்சட்டை வேண்டுமென்று தையல்காரர் ஜேக்கப் டேவிஸிடம் கேட்டார். பாக்கெட் ஓரங்களில் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார் டேவிஸ். 1873 மே 20 அன்று அவரும் லெவி ஸ்ட்ராஸ் நிறுவனமும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கேட்டவரின் பெயர் அதில் இல்லை. பெண்களுக்கென்று அந்த நிறுவனம் தனியாக ஜீன்ஸ் தைத்தது 1934இல், அறுபத்தோரு ஆண்டுகள் கழித்து. அந்த நீலமும் நமக்கு அந்நியமல்ல. அவுரி பயிரிடச் சொல்லி வதைத்ததால்தான் 1859இல் வங்காள விவசாயிகள் கிளர்ந்தார்கள். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனார்.

2014 காந்தி ஜெயந்தி அன்று, பெண்கள் ஜீன்ஸ் அணிந்து மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்றார் பாடகர் ஜேசுதாஸ். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருவிழாவில் ஆடல் நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்ட வழக்கில், பக்தர்களுக்கே உடைக் கட்டுப்பாடு விதித்தது. பெண்களுக்குச் சேலை, தாவணி, மேலாடையுடன் சுடிதார். ஆண்களுக்கு வேட்டியோடு பேன்ட், சட்டையும் உண்டு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த ஆணைக்கு அதே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு தடை விதித்தது. ஆனால் அதன் தர்க்கம் நம் வீடுகளிலும் கல்லூரிகளிலும் தடையின்றி உலவுகிறது. ஆணின் பேன்ட்டும் கப்பலேறி வந்ததுதான். அதை யாரும் மேலைநாட்டு மோகம் என்பதில்லை. பண்பாட்டைச் சுமக்கும் வேலை பெண் உடம்புக்கு மட்டும்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அதற்காக ஜீன்ஸ் போட்டதும் விடுதலை வந்துவிட்டதாக நான் கருதவில்லை. நம்மைப் பார்வைப் பொருளாக்கும் வேலையைச் சந்தையும் செய்கிறது. 2018இல் அமெரிக்காவில் இருபது பிராண்டுகளை அளந்து பார்த்தார்கள். பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 விழுக்காடு ஆழம் குறைந்திருந்தது. நம் அப்பத்தாவின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. வெற்றிலை பாக்கும் தன் கையிருப்பும் அதில் அவர் வசம் இருந்தன. பேத்திக்குத் தைக்கப்படுவதோ வெறும் பொய்ப் பாக்கெட்.

ஆகவே வாங்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். பாக்கெட்டில் கையை விடுங்கள். மணிக்கட்டு வரை இறங்க வேண்டும். உடைமாற்றும் அறையில் குத்தவைத்து உட்காருங்கள். இடுப்பு பின்புறம் வாய்பிளக்கக் கூடாது, முட்டி இறுக்கக் கூடாது. முழுப் பருத்தி நீடித்து உழைக்கும். இரண்டு விழுக்காடு எலாஸ்டேன் கலந்தால் வளைந்துகொடுக்கும். அதற்கு மேல் போனால் சீக்கிரம் தொய்யும். நம் ஊர் வெயிலுக்குப் பத்து அவுன்ஸுக்குக் குறைந்த துணி போதும். வெளுத்தும் கிழித்தும் பழையதுபோல் ஆக்கியதைத் தவிருங்கள். மணலை வீசியடித்து வெளுக்கவைத்த தொழிலாளர்கள் சிலிகோசிஸ் நோயால் நுரையீரல் கெட்டு இறந்தார்கள். அதனால்தான் துருக்கி 2009இல் அம்முறையைத் தடை செய்தது.

நல்ல ஜீன்ஸைத் தானாக வெளுக்கவிடலாம். கண்டாங்கியும் அப்படித்தான், உடுத்த உடுத்தத்தான் இளகும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துக்கொள்ளும் பெண் எந்தப் பண்பாட்டுக்கும் துரோகம் செய்யவில்லை. எதை எப்போது உடுத்துவது என்று அவளே தீர்மானிக்கிறாள். பலருக்கு உறுத்துவது துணியல்ல, அந்தத் தீர்மானம்.