வாக்குத்தத்த அட்டை

ஆதிச்சநல்லூர் என்றதும் முதுமக்கள் தாழிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அந்தச் சுற்றுவட்டாரத்து வீட்டுக் கதவுகளும் நினைவுக்கு வரும். நாசரேத், 1799இல் உருவான முதலூர் என்று கிறிஸ்தவ ஊர்கள் நிறைந்த பகுதி. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்புகிறவர்கள் கையில் வாக்குத்தத்த அட்டை இருக்கும்: உள்ளங்கை அகலம், ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் ஒரு வசனம், அடியில் ஆண்டு. அதை வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். சில வீடுகளில் பழையதைக் கிழிக்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டுவார்கள்.

அடிக்கடி கண்ணில் படுவது, எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவதாகக் கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11. பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கும், வரன் தட்டிப்போன வீட்டுக்கும் அதைத்தான் சொல்லித் தேற்றுவார்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருவது அது. அவர்கள் ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று முந்தின வசனமே கணக்குச் சொல்கிறது. அதற்கும் முன்னால், போன இடத்திலேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிக்கச் சொல்லும் யோசனை. அட்டையில் இதற்கெல்லாம் இடமேது? பாதியை ரோஜாப்பூ எடுத்துக்கொள்கிறது. நினைத்தது நடக்காமல் நிற்பவருக்கு, எனக்கென்னவோ, அந்த வீடும் தோட்டமும்தான் பெரிய ஆறுதலாகப் படுகிறது.

கதவில் அட்டை ஒட்டியிருப்பவர்கள் வேதப்புத்தகத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.