மனச்சான்றும் சட்டமும்: ஒரு சொற்பொழிவை மீண்டும் வாசிக்கையில்

மேடைப் பேச்சுகளுள் பல, கைத்தட்டல் ஓய்ந்ததும் தாமும் ஓய்ந்துவிடுகின்றன. ஒரு சிலவே அச்சேறித் தலைமுறை கடந்து வாசிக்கப்படுகின்றன. 1984 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மாரியோ குவோமோ ஆற்றிய உரை அத்தகையது. ‘சமய நம்பிக்கையும் பொது ஒழுக்கமும்’ என்பது அதன் பொருள். பேசியவர் நியூயார்க் மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர், நம் நாட்டு முதலமைச்சருக்கு நிகரானவர், இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய பெற்றோரின் மகன், கத்தோலிக்கர்.

உரை பிறந்த சூழலை முதலில் நினைவிற் கொள்வோம். 1973இல் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை அரசமைப்புச் சட்டம் காக்கும் உரிமையென அறிவித்தது. 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் கத்தோலிக்கப் பெண்மணியான ஜெரல்டின் ஃபெராரோ துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். அவர் அவ்வுரிமையை ஆதரித்தவர். கருக்கலைப்பை வெளிப்படையாக ஆதரிக்கும் வேட்பாளருக்கு ஒரு கத்தோலிக்கர் நல்மனச்சான்றோடு எவ்வாறு வாக்களிக்க இயலும் என்று நியூயார்க் பேராயர் ஜான் ஓ’கானர் வினவினார். அவ்வினாவின் நிழலில் நின்றே குவோமோ பேசினார்.

உரையின் முதற்சிறப்பு அதன் நேர்மை. திருச்சபையின் போதனையைத் தாமும் தம் மனைவியும் ஏற்று வாழ்வதாக அவர் மறைக்காது சொல்கிறார். ஆனால் தாம் ஏற்பதைப் பிறர்மீது சட்டமாகச் சுமத்த வேண்டுமா என்பது வேறு வினா என்கிறார். அது விசுவாசத்தால் மட்டும் விடைகாணத்தக்கதன்று. முன்மதியோடு ஆய்ந்து முடிவெடுக்க வேண்டியது. யூதரும் பிற சபையினரும் நம்பிக்கையற்றோரும் தத்தம் வழியில் வாழ இடமளிப்பதாலேயே கத்தோலிக்கராகிய நாமும் நம் வழியில் வாழ இடம் பெறுகிறோம் என்பது அவர் வாதத்தின் நடுத்தூண். சமயச் சுதந்திரம் மனித மாண்பில் வேரூன்றியது என 1965இல் முழங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பிள்ளைகளாகிய நமக்கு இது அந்நியக் குரலன்று.

மற்றொரு சிறப்பு, அவர் நம்மை நோக்கி நீட்டும் கண்ணாடி. கத்தோலிக்கப் பெண்களும் பிறரைப் போலவே கருக்கலைப்பை நாடுகின்றனர். நம் இல்லத்தாரையே இணங்கவைக்க இயலாத நாம், ஊராரைச் சட்டத்தால் இணங்கவைக்க முற்படுவதேன் என்கிறார். ஏழைத் தாய்க்கு உணவும் மருத்துவமும் தராது சட்டத்தை மட்டும் நீட்டுவது அறமாகுமா என்றும் கேட்கிறார். இவ்விடங்களில் உரை நம் நெஞ்சைத் தொடுகிறது; தொடவும் வேண்டும்.

ஆயினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுவது திறனாய்வாகாது. உரையில் மூன்று இடங்கள் நம்மை இடறச் செய்கின்றன.

முதலாவது, அடிமை முறை பற்றிய ஒப்புமை. உள்நாட்டுப் போருக்கு முன்னர் அமெரிக்க ஆயர்கள் அடிமை ஒழிப்பை வலியுறுத்தவில்லை. அவர்கள் போலிகளல்லர், நடைமுறை அறிந்தவர்கள் என்கிறார் குவோமோ. ஆனால் வரலாறு இன்று யாரை வணங்குகிறது? அமைதி காத்தோரையா, அடிமையும் மனிதனே என்று முழங்கியோரையா? தம் வாதத்திற்குத் துணையாக அழைத்த சாட்சி, எதிர்த்தரப்புக்கே சான்று பகர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, பொதுக் கருத்திசைவு பற்றியது. மக்களிடையே உடன்பாடு இல்லாதபோது சட்டம் நிலைக்காது என்கிறார். ஆனால் தம் பன்னிரண்டு ஆண்டுப் பதவிக் காலத்தில், பெரும்பான்மை மக்கள் விரும்பிய மரண தண்டனையை மீட்கும் மசோதாக்களை அவரே மீண்டும் மீண்டும் நிராகரித்தார். அங்கே அவர் மக்கள் கருத்துக்குக் காத்திருக்கவில்லை. உயிரின் பக்கம் நின்றார். மசோதாவை மறுக்கும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் இல்லை என்று அவர் சார்பில் கூறலாம், அது உண்மையே. எனினும் மக்களை மாற்ற உழைக்கும் நா வன்மை அவரிடம் இருந்ததே! அதை ஒன்றிற்குச் செலவிட்ட அளவு மற்றதற்கு அவர் செலவிடவில்லை.

மூன்றாவதே மிக ஆழமானது. பிறவாக் குழந்தையின் உயிர் பற்றிய கேள்வியை அவர் பெரிதும் ‘நம் சமயக் கோட்பாடு’ என்னும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். ஞாயிறு திருப்பலிக் கடமையை நாம் பிறர்மீது சுமத்துவதில்லை. ஆனால் ஓர் உயிரைக் காக்க வேண்டுமென்பது வழிபாட்டு ஒழுங்கா, நீதியின் கோரிக்கையா? நீதியின் கோரிக்கை எனில், அது எல்லாருக்கும் விளங்கும் மொழியில் பேசப்பட வேண்டும்.

இதன் விளைவைக் காலம் நமக்குக் காட்டியுள்ளது. 2022 ஜூன் 24 அன்று ‘டாப்ஸ்’ தீர்ப்பு ‘ரோ’வை நீக்கி, இவ்விவகாரத்தை மாநிலங்களிடமே ஒப்படைத்தது. குவோமோ உரையாற்றிய அதே இந்தியானாவில் கடுமையான தடைச்சட்டம் இயற்றப்பட்டது. உடனே, தாயின் நலன் ஆபத்துக்குள்ளாகும்போது கருக்கலைப்பைத் தங்கள் சமயமே பணிக்கிறது என்று யூதப் பெண்கள் உள்ளிட்டோர் நீதிமன்றம் ஏறினர். பிறக்கும்வரை கருவுக்கு முழுமனித நிலை இல்லை, தாயின் உயிரே முந்தியது என்பது யூத மரபின் நெடுநாளைய நெறி. சமயச் சுதந்திரத்தைக் காக்க 2015இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தையே அவர்கள் கையிலெடுத்தனர். 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்காடியோர்க்குச் சாதகமான இடைக்காலத் தடையை உறுதிசெய்தது. சமயத்தின் பெயரால் மட்டும் நாம் பேசினால், சமயத்தின் பெயராலேயே மறுமொழி வரும். அதை மறுக்க நமக்கு வழியேது?

மறுபுறம், குவோமோவின் எச்சரிக்கையும் பொய்க்கவில்லை. 2022 ஆகஸ்டில் கான்சஸ் மாநில மக்கள், கருக்கலைப்பு உரிமையைத் தம் அரசமைப்பிலிருந்து அகற்றும் திருத்தத்தைத் தோற்கடித்தனர். 2023 நவம்பரில் ஒஹையோ மக்கள் அவ்வுரிமையைத் தம் அரசமைப்பிலேயே எழுதிவைத்தனர். தீர்ப்பு மாறியது, உள்ளங்கள் மாறவில்லை.

உரைக்குப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடலில் ஒரு நடுவழியைக் காட்டினார். தீய சட்டத்தை முற்றிலும் நீக்க இயலாதபோது, தம் எதிர்ப்பை வெளிப்படையாக அறிவித்த சட்டமன்ற உறுப்பினர், அதன் தீங்கைக் குறைக்கும் முயற்சியை ஆதரிக்கலாம் என்றார். குவோமோ தேடியும் காணாத பாதை இதுவே என எண்ணத் தோன்றுகிறது.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்ட நாட்டில், நூற்றுக்கு மூவருக்கும் குறைவான சிறுபான்மையாக வாழ்பவர்கள் நாம். அரசமைப்பின் 25ஆம் பிரிவு தரும் சமயச் சுதந்திரமே நமக்கு அரண். அந்த அரணை நமக்கெனக் கேட்கும் நாம், அயலாரின் மனச்சான்றையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள். அதே வேளையில், குரலற்ற உயிருக்காகப் பேசும் கடமையும் நம்மைவிட்டு அகலுவதில்லை. இவ்விரு கடமைகளையும் ஒருசேரச் சுமக்க முயன்று, பாதி வழியில் தளர்ந்த மனிதரின் உரை இது. அவர் தளர்ந்த இடத்தைச் சுட்டுவது எளிது. அவ்விடத்திலிருந்து நாம் எத்தனை அடி எடுத்துவைத்தோம்? நம் பங்கில், நம் தெருவில், கருவுற்றுக் கலங்கி நிற்கும் பெண் முதலில் தட்டும் கதவு நம்முடையதாய் இருக்கிறதா?