கர்ணமோட்சமும் இத்தாலிய இசைத்துன்பியலும்: இரவுக்கூத்தைச் சுருக்குதல் குறித்த மதிப்பீடு

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்வது மரபு. அக்கூத்துகளுள் கர்ணமோட்சம் விடியும்வரை ஆடப்படுவது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில், சுழல்முறைப் பணிக்குச் செல்வோர் இரவு முழுதும் விழித்திருத்தல் எளிதன்று. நகர அரங்குகளிலோ ஓரிரு மணி நேரமே கிடைக்கும். எனவே இக்கூத்தைப் புதிதாக மேடையேற்றுவோர் எதிர்கொள்ளும் முதல் வினா, எதை நீக்குவது என்பதாகும். சுருக்கத்தையே வலிமையாகக் கொண்ட இத்தாலிய இசைநாடகம் ஒன்றோடு ஒப்பிட்டு இவ்வினா இங்கு ஆராயப்படுகிறது.

அறியாமையும் அறிதலும்

வெர்டியின் 'இல் த்ரோவத்தோரே' 1853ஆம் ஆண்டு உரோம் நகரில் அரங்கேறியது. அதில் பழம்பகையின் வரலாறு தொடக்கத்திலேயே ஒரு பாடலில் சொல்லி முடிக்கப்படுகிறது. மன்ரிக்கோவைக் கொல்வித்த லூனா பிரபு, இறந்தவன் தன் உடன்பிறந்தான் என்பதைப் பின்னரே அசுசேனாவின் வாயால் அறிகிறான். அத்துடன் நாடகம் முடிகிறது. இங்குத் துன்பியல் அறியாமையில் விளைகிறது. ஆதலின் விரைவு அதற்குத் துணை செய்கிறது.

கர்ணமோட்சத்திலும் உடன்பிறந்தானே உடன்பிறந்தானைக் கொல்கிறான். அருச்சுனனும் அதை அறியான். ஆயினும் கூத்தின் மையம் அறிந்தவனாகிய கர்ணனே. குந்தி அவன் பிறப்பை உணர்த்தி, நாகக்கணையை மறுமுறை தொடுப்பதில்லை என்றும் அருச்சுனன் ஒழிந்த நால்வரைக் கொல்வதில்லை என்றும் வரம் பெற்றுவிட்டாள். எதிர்நிற்பவன் தம்பி என்பதை அறிந்தே கர்ணன் களம் புகுகிறான். அவ்வறிவைச் சுமந்து அவன் கழிக்கும் நெடும்பொழுதே இக்கூத்தின் துன்பியல். ஆகவே வெர்டிக்கு உதவிய விரைவு இங்கு உதவாது.

பொன்னுருவி காட்சி

கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சி போர்க்கதையை நகர்த்துவதில்லை. ஆதலின் சுருக்குவோர் கையில் எளிதில் அகப்படும். ஆனால் தேரோட்டி மகன் என்னும் இழிவுரை அவைக்களத்தில் மட்டுமன்றி இல்லத்திலும் ஒலிப்பதை இக்காட்சியே காட்டுகிறது. பாட்டு, பின்பாட்டு, வசனம் என ஒரு செய்தியே திரும்பத் திரும்ப வரும் கூத்தின் அமைப்பு, அவ்விழிவை அவையோர் கடந்துபோக விடுவதில்லை. கட்டியக்காரனின் கேலிக்குச் சிரித்தவரும் அவ்விழிவில் பங்காளியாகின்றனர்.

முடிவுரை

நேரக்குறைப்பு தவிர்க்க இயலாததாயின், துணைமாந்தரின் வரவுப்பாடல்களையும் வீரம் பேசும் தருக்களையும் குறைக்கலாம். இதுவும் இழப்பற்றதன்று, கட்டை, கிரீடம் ஆகியவற்றின் பொலிவும் அடவுகளின் திறமும் வரவுக்காட்சிகளிலேயே முழுமையாக வெளிப்படுகின்றன. எனினும் அவ்விழப்பு கூத்தின் பொருளைச் சிதைப்பதில்லை. குந்தி, பொன்னுருவி காட்சிகளை நீக்கினால் எஞ்சுவது பதினேழாம் நாள் போரின் கதை மட்டுமே. கர்ணனின் துன்பம் அதில் இராது. ஆகவே புதிய மேடையேற்றம் ஒன்றை மதிப்பிடுவோர், அது எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்பதைவிட இவ்விரு காட்சிகளுக்கு எவ்வளவு பொழுது அளித்தது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.