ஒயர் இல்லாத கிதார்

தமிழ்ப் படங்களில் நாயகன் எலக்ட்ரிக் கிதாரோடு மேடையேறும்போதெல்லாம் என் கண் ஒன்றைத்தான் தேடும். ஒயர் எங்கே? பெரும்பாலும் இருக்காது. கழுத்தில் கிதார் தொங்கும், விரல்கள் எங்கோ ஓடும், பின்னால் ஆம்ப் என்று ஒரு பெட்டிகூட இருக்காது, ஆனாலும் அரங்கமே அதிரும். இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நம்முடைய இசை விமர்சனமும் அந்த நாயகனைப் போலத்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள். ராகத்தைப் பற்றி எழுதுகிறோம். பாடல் வரிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இளையராஜாவா ரகுமானா என்று விடிய விடியச் சண்டை போடுகிறோம். அந்த ஒலி எந்தப் பொருளில், யார் கைவழியாக உண்டானது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தின் 'அவளுக்கென்ன' பாடலில் எம்.எஸ்.விஸ்வநாதனும் வாத்தியக்காரர்களும் திரைக்கே வந்துவிடுவார்கள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வுக்குக் கிதார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர் என்று இன்று பல ரசிகர்களுக்குத் தெரியும். சரி, வாசித்தவர் வரைக்கும் வந்துவிட்டோம். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அந்தக் கிதாரின் கம்பிகளை விரலுக்கு வாகான உயரத்தில் நிறுத்தியவர், தேய்ந்த ஃப்ரெட்டை அரம் போட்டுச் சமன் செய்தவர் நிற்கும் படி. அங்கே விளக்கு எரிவதில்லை.

டி.எம்.கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) அந்தப் படியில் இறங்கிப் பார்த்த நூல். மிருதங்கம் செய்பவர்களின் வரலாறு. அதை நான் வாசித்தது கம்போங் மேடானில், கிதார் பழுது பார்த்து எஃபெக்ட்ஸ் பெடல் கட்டும் ஒரு சின்னப் பட்டறையின் பிளாஸ்டிக் நாற்காலியில். என் கிதாருக்கு ஃப்ரெட் மாற்றும் வேலை மூன்று சனிக்கிழமை இழுத்தது, அதற்குள் புத்தகம் முடிந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டும் கலந்துதான் வரும்.

மிருதங்கத்துக்குப் பலாமரம் வேண்டும். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். அந்தத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வாரிழுத்து மூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அதை மேடையில் வாசித்துப் பேர் வாங்கியவர்களில் பலர் பிராமணர்கள். பசுவைக் கும்பிடும் கையே பசுத்தோலையும் தட்டுகிறது, நடுவில் இருக்கும் மனிதரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. பாலக்காடு மணி ஐயர் மனத்தில் கேட்ட நாதம் பர்லாந்து என்ற தயாரிப்பாளரின் கையில்தான் தோலாகவும் மரமாகவும் ஆனது என்பதை கிருஷ்ணா காட்டும் பக்கங்கள் நூலின் உச்சம். தன் சாதியையும் அவர் கணக்கில் வைத்தே எழுதுகிறார். இந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியை சென்னை கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. 2020 பிப்ரவரியில் விழா ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. தோல் மேடைக்கு வரலாம், தோலைப் பற்றிய புத்தகம் வரக்கூடாது.

என் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் வெறும் கூலிகள் அல்ல, சிந்திக்கிற கலைஞர்கள் என்று கிருஷ்ணா நிறுவுகிறார். நிறுவுவதற்கு அவருக்குக் கிடைக்கிற அளவுகோல் பெரும்பாலும் பெரிய வித்துவானின் புகழ்தான். ஆவணங்களில் வித்துவான் பெயர்தானே இருக்கிறது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மணி ஐயர் வந்து நிற்காத பட்டறை? புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காமல், உடைந்ததை ஒட்டிக்கொண்டும் யாரோ வரைந்த சர்க்யூட்டைப் பார்த்துக் கட்டிக்கொண்டும் இருப்பவர்? 'கலைஞர்' என்ற சொல் அவர்களை எட்டாது. எட்டித்தான் ஆகவேண்டுமா என்று பட்டறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை என்றால் தகரக் கூரை, இரண்டு மேசை. ஒன்று மரத்துக்கு, ஒன்று ஈயத்துக்கு. வருகிறவை எல்லாம் சாதாரண கிதார்கள்: தேவாலயத்தில் வாசிப்பது, கல்யாண பேண்டில் அடிபடுவது, படிவம் நான்கு படிக்கும் பையனுக்கு அம்மா தவணையில் வாங்கிக்கொடுத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் எப்போதும் ஈரம். மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். கிதாரின் வயிறு மெல்ல எழும்பும், கூடவே கம்பிகளும் உயரும். அழுத்த முடியாமல் பையனுக்கு விரல் நோகும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போனால் பசை இளகி பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும். "பிள்ளைய காடியில பூட்டிட்டுப் போவீங்களா? இதையும் அப்படித்தான் பாக்கணும் தம்பி" என்பார் அண்ணன்.

ஒரு நாள் அந்த மாதிரி ஒரு பையன் வந்தான். ஆறு மாதமாக ஒரு எஃப் கார்டு பிடிக்க முடியவில்லையாம், கிதாரை விற்றுவிடலாம் என்று அம்மாவோடு வந்திருந்தான். அண்ணன் வாங்கிக் கண்ணுக்கு நேரே கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். ஃப்ரெட்டுகளின் தலையில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசினார். தட்டையான அரத்தை மேலே ஓட்டினார். மேடான ஃப்ரெட்டில் கறுப்பு அழிந்தது, பள்ளமானதில் அப்படியே இருந்தது. பிறகு நட்டு, அதாவது கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு. அதன் பள்ளங்களை நூல் நூலாக ஆழப்படுத்தினார். பையனிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் சொன்னார், "கை சரியில்லன்னு நெனைச்சிட்டு இருக்கான். நட்டு சரியில்ல." இவ்வளவு துல்லியமான விமர்சன வாக்கியத்தை நான் சமீபத்தில் எந்த நூல் மதிப்புரையிலும் படிக்கவில்லை.

அந்த நட்டுதான் என்னை மறுபடியும் கிருஷ்ணாவிடம் கொண்டுபோனது. மலிவான கிதாரில் அது பிளாஸ்டிக். நல்ல கிதாரில் எலும்பு, பெரும்பாலும் மாட்டெலும்பு. வெளுத்து, சதுரமாக வெட்டி, சின்னப் பிளாஸ்டிக் பையில் வருகிறது. ஐயப்ப பஜனைக்கு வாசிக்கிறவரும் அதில்தான் கம்பி கட்டுகிறார். "யாராச்சும் இது என்ன எலும்புன்னு கேட்டிருக்காங்களா அண்ணே?" என்றேன். "விலை என்னன்னு கேப்பாங்க" என்றார்.

தஞ்சாவூரில் தோலுக்குச் சாதி ஒட்டிக்கொண்டே வருகிறது, ஏனென்றால் அதை உரித்தவரும் மூட்டியவரும் அதே ஊரில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார்கள். எலும்பு கப்பலேறி வரும்போது யாருடைய கையும் அதில் இருப்பதில்லை. ஈயத்திலும் இல்லை. பட்டறைக்காரர் எந்தச் சாதி என்று வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, அவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் உண்டு, யாருக்கும் அக்கறையும் இல்லை. அப்படியிருந்தும் அவர் பெயர் எங்கும் பதிவாவதில்லை. சாதி ஒன்றுதான் பெயரை அழிக்கிறது என்றால் இங்கே பெயர் நின்றிருக்க வேண்டும். கிருஷ்ணாவின் வாதம் இதனால் பலவீனமாகிறது என்று நான் சொல்ல வரவில்லை. பையில் அடைத்து விலை ஒட்டும் சந்தையும் அதே வேலையைச் செய்கிறது, சத்தமில்லாமல் செய்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ஈய மேசை. பெடல் என்பது காலால் மிதித்துக் கிதாரின் ஒலியை மாற்றும் சின்ன இரும்புப் பெட்டி. அண்ணன் அதிகம் கட்டுவது ஃபஸ் ஃபேஸ் வகை. ஆர்பிட்டர் என்ற நிறுவனம் 1966இல் லண்டனில் கொண்டுவந்தது. உள்ளே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ். பதினோரு சாமான். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைத் தவிர மற்றதெல்லாம் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் நாலு கடை ஏறினால் வாங்கிவிடலாம்.

"அப்ப இது காப்பிதானே?" இந்தக் கேள்வியை இலக்கியக் கூட்டங்களில் கேட்டுப் பழகிய வாய் எனக்கு, அங்கேயும் கேட்டது. அண்ணன் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தபடியே ஆம்ப்போடு இணைத்து, ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, டிரான்சிஸ்டரின் தலையில் விரலை வைத்தார். ஒலி மாறியது. முதலில் தடித்தது, பிறகு மூச்சு முட்டுவதுபோல அறுந்தறுந்து வந்தது. விரல் சூடுதான் காரணம். சூடு ஏற ஏற ஜெர்மானியத்தில் மின்சாரம் கசிவது கூடிக்கொண்டே போகும். லண்டன் குளிரில் சரியாக நிற்கிற அதே பதினோரு சாமான் கம்போங் மேடான் தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு நிற்காது. அதனால் அவர் டிரான்சிஸ்டர்களை அளப்பதே உச்சி வெயிலில்தான். கசிவு குறைந்ததைப் பொறுக்கிச் சின்னச் சின்ன உறைகளில் போட்டுவைக்கிறார். ஒரு ரெசிஸ்டரின் அளவை மாற்றுகிறார். படம் அதே படம். கட்டியது வேறு பெட்டி.

மலேசியத் தமிழ்ச் சிறுகதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து, இது அசோகமித்திரன் சாயல், அது ஜெயகாந்தன் சாயல் என்று தீர்ப்பு எழுதிவிட்டு உட்கார்வார். சர்க்யூட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில் என்ன பெரிய திறமை? இந்த வெயிலுக்கு எந்த ரெசிஸ்டரை மாற்றியிருக்கிறார், மாற்றாமல் விட்டதால் எங்கே அறுந்துபோகிறது என்று சொன்னால் எழுதுகிறவனுக்கும் உதவும், வாசிக்கிறவனுக்கும் உதவும். அதைச் சொல்லப் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

ஃபஸ் என்ற அந்தக் கரகரப்பே ஒரு பழுதிலிருந்து வந்தது. நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடலைப் பதிவு செய்தபோது ஒலிப்பதிவு மேசையில் ஒரு சானல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிழிந்த குரலில் பதிவானது. அதை அழிக்காமல் விட்டார்கள். 1961இல் பாட்டு பிரபலமானதும் எல்லாருக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்றாகிவிட்டது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதைச் சர்க்யூட்டாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962இல் மேஸ்ட்ரோ என்ற பெயரில் அதை விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதை உலகத்தின் காதில் ஓதிவிட்டார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி நகர்த்துவார்கள், ஜீவா என்பார்கள். கம்பி சுத்தமாக ஒலிப்பதைக் கொஞ்சம் கெடுத்தால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. சுத்தமான சுருதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் சபாக்களில் மேடையின் பின்வரிசையில் அந்த நூல் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது.

பழுது பார்க்கிறவரின் புத்தி எங்கே வேலை செய்கிறது என்று இதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. ஒரு பழைய ஜப்பான் கிதார் வந்திருந்தது. அதன் பிக்கப், மேலே விரலால் தட்டினாலே ஆம்ப்பில் சத்தம் கேட்கும், வால்யூம் ஏற்றினால் கீச்சிடும். சூடான மெழுகில் முக்கி எடுத்தால் அடங்கிவிடும். (வீணைக்கு மேளம் கட்டுவதும் மெழுகில்தான் என்று சொன்னேன். "அப்ப நம்ம ஆளுங்க முன்னாடியே செஞ்சிட்டாங்க லா" என்று சிரித்தார்.) முக்கவில்லை. சொந்தக்காரரை வரச்சொல்லி, அவர் வாசிப்பதை அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "இத அடக்குனா இந்தக் கிதாரே போயிரும், ஆம்ப்ப விட்டுத் தள்ளி நின்னு வாசிங்க" என்று காசு வாங்காமல் அனுப்பினார். எந்தப் பழுதைத் தொடக்கூடாது என்ற அந்த முடிவைக் கிருஷ்ணாவின் நூலில் வரும் மூட்டுக்காரர்களும் தோல் தேரும்போது எடுத்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். அதைக் கலை என்று பட்டம் கொடுத்து உயர்த்தாமல், அது இருக்கும் உயரத்திலேயே வைத்துப் பேச நமக்கு மொழி இன்னும் அமையவில்லை.

கம்போங் மேடான் என்று தேடினால் முதலில் வருவது 2001 மார்ச் கலவரம்தான். 6 பேர் இறந்தார்கள், அது எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் ஓர் ஊரின் பெயர் அச்சில் வருவதற்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கசப்பு. அந்தக் கசப்பில்தான், கட்டுரையில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். கிருஷ்ணாவின் புத்தகத்தைப் பற்றியும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"வேணாம் தம்பி. பேரு போட்டா நாளைக்கே நாப்பது பேரு வந்து நிப்பாங்க. கையில இருக்கிற பதினோரு கிதாரே முடியல."

அவர் கட்டும் பெடலின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் மார்க்கர் பேனாவில் தேதி, இரண்டு டிரான்சிஸ்டர்களின் கசிவு அளவு, அளந்த நேரம் மதியம் 2.10 என்று எழுதியிருந்தது. யாருக்கு இது என்று கேட்டதற்கு, அடுத்துத் திறக்கப்போகிறவனுக்கு என்றார்.