‘உறங்கு’ என்ற ஆணைக்குப் பிறகு

சிங்கப்பூர் சைனாடவுனின் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அருள் வந்தவரின் முகம் எப்படி மாறும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதாலும் பாதம் அதில் படும் நேரம் மிகக் குறைவு என்பதாலும், பூக்குழியைக் கடப்பதற்கு அந்த நிலை கட்டாயமன்று. ஆயினும், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்துவரும் அடியார்களுள் சிலருக்குப் பார்வை நிலைகுத்தி உடல் தானாக ஆடத் தொடங்கும் கணமே ரசிகரின் கண்ணை இழுக்கிறது. இந்நகரத்துச் சீனக் கோயில்களில் தெய்வமேறி வாக்குச் சொல்லும் ‘தாங்கி’களைப் பற்றி ஆலன் எலியட் எழுதிய ஆய்வுநூல் 1955இல் வெளிவந்தது. இரு மரபுகளிலும் ஆற்றல் வெளியிலிருந்தே இறங்குகிறது. அறிதுயில் நிலையில் சொல்லைக் கொண்டு செய்யப்படும் ஹிப்னோதெரபியின் மூலமும் அத்தகையதே: காணவியலாத காந்தப் பாய்பொருள் ஒன்று தம்மிடமிருந்து நோயாளிக்குள் பாய்வதாக 18ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் என்னும் மருத்துவர் நம்பினார். அந்த ஆற்றலின் இருப்பிடத்தை மருத்துவரின் கையிலிருந்து நோயாளியின் மனத்துக்கு மாற்றியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு கோவாக்காரர்.

1756இல் கோவாவின் காண்டோலிமில் பிறந்த அபே ஃபாரியா என்னும் பாதிரியார், 1813இல் பாரிசில் பொதுமக்கள் முன்னிலையில் செய்துகாட்டிய முறையின் சிக்கனம் இன்றும் வியப்பூட்டுவது. வந்தவரை வசதியாக நாற்காலியில் அமர்த்தி, கண்ணை மூடச் செய்து, உறக்கத்தையே நினைக்கச் சொல்லி, சற்று நேரம் அமைதியாக விட்டு, பிறகு ‘உறங்கு’ என்று ஒரே ஆணை. மெஸ்மரின் மரத்தொட்டியும் இரும்புக் கம்பிகளும் கைவீச்சும் இங்கே தேவைப்படவில்லை. உறங்கவைப்பவரிடமிருந்து எதுவும் வெளிப்படுவதில்லை, எல்லாம் உறங்குபவரின் மன ஒருமுகப்பாட்டாலும் கற்பனையாலும் நிகழ்வதே என்பது அவர் துணிபு. குருதி நீர்த்திருப்பவரே எளிதில் உறங்குவர் என்று அவர் கொண்ட கருத்து பிழையானது என்பது உண்மைதான். ஆனால் மையக் கருத்தின் கூர்மையை அது குறைத்துவிடவில்லை. பாரிஸ் நாடகமேடை 1816இல் அவரைக் கேலிப்பொருளாக்கியது. 1819இல், ராஃபிள்ஸுடன் நாராயண பிள்ளை சிங்கப்பூர் வந்திறங்கிய அதே ஆண்டில், ஃபாரியா மறைந்தார். பிள்ளை 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையின் அந்த மாரியம்மன் கோயிலை எழுப்பினார். பனாஜியில் ஃபாரியாவுக்குச் சிலை இருக்கிறது. சரிந்து கிடக்கும் ஒரு பெண்ணின் மேல் இரு கைகளையும் விரித்து ஆற்றலைப் பொழிபவர்போல் அதில் அவரை வடித்திருக்கிறார்கள். அவர் வாழ்நாளெல்லாம் மறுத்தது எதுவோ, அதுவே வெண்கலத்தில் நிற்கிறது.

ஹூக்ளியில் 1845இல் ஜேம்ஸ் எஸ்டெய்ல் மெஸ்மர் முறையில் வலியின்றி அறுவை செய்யத் தொடங்கியதைப் போற்றுபவர்கள், மணிக்கணக்கில் கைவீசி நோயாளிகளை உறங்கச் செய்த வங்காள உதவியாளர்களை மறந்துவிடுகிறார்கள். 1847இல் குளோரோஃபார்ம் வந்ததும் அந்தப் பொறுமைக்கும் தேவை குறைந்தது. மான்செஸ்டரின் ஜேம்ஸ் பிரெய்டு கண்ணுக்குச் சற்று மேலே பளபளப்பான பொருளைப் பிடித்து, 1843இல் தம் நூலின் வழியே அறிதுயிலை நரம்பியல் நிகழ்வாக நிலைநாட்டினார்.

விரலைச் சொடுக்கிய கணத்தில் ஆள் சாயும் விரைவு முறைகளே இக்கலையின் உச்சம் என்பாருடைய சுவையை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ள முடியாது. அங்கே கைதட்டல் வாங்குபவர் சொடுக்கியவர், சாய்ந்தவர் வெறும் சான்று. ஃபாரியாவும் ஆணையிட்டார்தான் என்று அவர்கள் வாதிடலாம். ஆற்றல் உறங்குபவரிடமே இருப்பதாகச் சொல்லிக்கொண்டே ஆணையிடும் அந்த முரண்பாட்டைத் தீர்த்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980). பதினேழு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் படுத்த படுக்கையாகி, வீட்டாரின் குரலையும் சைகையையும் கவனிப்பதையே பொழுதாகக் கொண்ட அவருக்குச் சுருதி பேதம் அறியாத செவி. ஆயினும் எதிரிலிருப்பவரின் மூச்சுக்குச் சொல்லைப் பொருத்துவதில் அவருக்கு நிகராக எவரையும் சொல்வதற்கில்லை. அவர் பாணியைத் தமிழில் காட்டுவதானால், ‘வலக்கை கனக்கலாம், இல்லை, இடக்கைதான் முதலில் லேசாகிறதோ என்னவோ, அவசரமில்லை’ என்று இருக்கும். எந்தக் கை எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாமல் கிடந்தாலும், கேட்பவர் தோற்பதில்லை.

அறிதுயிலில் சொல்லுக்குள்ள ஆற்றலுக்குப் பின்னர் ஆய்வுச் சான்றும் கிடைத்தது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு, வேறெதற்கும் பணியாத குடல் எரிச்சல் நோய் கொண்ட 30 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், வயிற்றில் கைவைத்து அதன் இளஞ்சூட்டை உணரச் சொல்லும் அறிதுயில் முறை பேச்சுச் சிகிச்சையை விஞ்சியதாக 1984இல் அறிவித்தது. 1997இல் பியர் ரென்வில் குழு, வெந்நீரில் கைவைத்தவரிடம் வேதனை கூடுவதாகவும் குறைவதாகவும் கருத்தேற்றம் செய்தபோது, வலியின் துன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் இயக்கம் அதற்கேற்ப மாறியதைக் காட்டியது.

இவ்வளவு தூரம் வந்த கலை இன்று அச்சிட்ட வாசகத்தில் சிக்கிக் கிடக்கிறது. சில நாள் வகுப்பில் கொடுக்கும் தாளை, வீட்டில் தமிழோ ஹொக்கியனோ பேசுபவருக்கும் ஒரே ஆங்கிலத்தில், ஒரே கடற்கரையையும் ஒரே பத்துப் படிகளையும் காட்டி வாசித்துவிட்டால் போதும் என்றாகிவிட்டது. கைபேசிப் பதிவு இன்னும் ஒரு படி கீழே: கேட்பவர் இருமி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாலும், அவர் ஆழ்ந்து சென்றுகொண்டிருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருக்கும்.