கட்டமும் காலமும்

பழைய தமிழ்ப் புத்தகங்களை இணையப் பக்கங்களாக மாற்றும் வேலை கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு ஒருங்கிணைக்க, பல தேசங்களில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அந்தக் காரியத்தின் பெருமையைப் பலரும் சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது ஒரு குறை. செய்யுளும் உரைநடையும் இணையத்துக்குச் சுகமாக வந்து சேர்ந்துவிட்டன. அட்டவணைதான் வழியில் கை கால் முறிந்து வந்து சேருகிறது.

அச்சுக்கூடத்தில் பக்கத்தை நெடுக்காகப் பிரித்தால் அதற்குக் 'காலம்' என்று பெயர். பத்திரிகையில் செய்தி இறங்கும் பத்தியும் காலம்தான்; கணக்கு அட்டவணையில் எண் இறங்கும் பத்தியும் காலம்தான். பெயர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளியாயிற்று. பக்கத்துக்கு இரண்டு பத்தி. இரண்டு பத்தியாக அடித்தது காகிதத்துக்காகவும் கண்ணுக்காகவும்தான். சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அதை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி செய்தபோது பத்தி கரைந்துபோயிற்று. சொல்லுக்கோ பொருளுக்கோ மேற்கோளுக்கோ ஒரு நஷ்டமும் இல்லை. வையாபுரிப் பிள்ளை இன்று இருந்தால் அதற்காக வருத்தப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரரான கே. என். சிவராஜ பிள்ளை 1932-இல் ஆங்கிலத்தில் எழுதி, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, பண்டைத் தமிழரின் காலவரிசை பற்றிய நூல். போலீஸ் உத்தியோகம் பார்த்தவர், பிறகு தமிழாராய்ச்சிக்கு வந்தவர். சங்கப் பாட்டுகளில் வரும் அரசர், சிற்றரசர், புலவர் ஆகியோரின் ஒருகால அட்டவணைகளே தம் முடிவுகளுக்கு ஆதாரம் என்று புத்தகத்தின் துணைத் தலைப்பிலேயே அவர் சொல்லிவிடுகிறார். பிற நூல்களில் அட்டவணை பின்னிணைப்பு. இதில் அட்டவணைதான் நூல்; மற்றதெல்லாம் அதற்கு உரை.

அவருடைய முறை எளியது. ஔவையார் அதியமானைப் பாடியிருக்கிறார். நாஞ்சில் வள்ளுவனையும் புறநானூற்று 140-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். ஆகவே தகடூர்த் தலைவனும் நாஞ்சில் மலைத் தலைவனும் ஏறக்குறைய ஒரே காலத்தவர். மருதன் இளநாகனாரும் நாஞ்சில் வள்ளுவனைப் பாடியவர். அவர் வேறு யாரைப் பாடினார் என்று பார்த்தால் இன்னொரு கண்ணி கிடைக்கும். இப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்து, மேலிருந்து கீழே தலைமுறைகளும் இடமிருந்து வலமாக அரச மரபுகளும் புலவர்களும் வரும்படி கட்டம் போட்டால், ஒரே வரியில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூடியவர்கள் என்று ஏற்படும். சோழன் கட்டத்துக்கும் சேரன் கட்டத்துக்கும் நடுவே ஒரு வார்த்தையும் அச்சிடப்படவில்லை. ஆனால் நூலின் வாதம் முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

தலைமுறைக் கணக்கு எங்கள் ஊரில் வெறும் ஏட்டு விஷயமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் சட்டம் வந்து மாற்றும் வரையில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி இருந்தது. காரணவர் செத்தால் சொத்து மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. வம்சாவளிப் படத்தில் ஒரு கோடு பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தால் வயல் கைமாறிவிடும். கவிமணி இதைச் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். கோர்ட்டு வாசலில் நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. அந்த ஊரிலிருந்து வந்தவர் கட்டம் போட்டுச் சரித்திரம் எழுதப் புறப்பட்டது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை.

இந்த மாதிரி ஒரு பக்கத்தை இயந்திரம் எப்படிப் படிக்கிறது? படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், பத்தி எது, அட்டவணை எது என்று ஊகம் செய்கிறது. பத்திரிகைப் பத்தி என்று நினைத்துவிட்டால் சோழர் எல்லோரையும் மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு, பிறகு பாண்டியருக்குப் போகிறது. வெறும் உரைநடை என்று நினைத்துவிட்டால் குறுக்கே வாசித்து, பேரனையும் புலவனையும் ஒரே வாக்கியமாக ஒட்டிவிடுகிறது. இரண்டையும்விட மோசம் காலிக் கட்டம். ஒரு தலைமுறையில் பாண்டியன் இன்னான் என்று சொல்லப் பாட்டு இல்லையென்றால் ஆசிரியர் அந்த இடத்தைச் சும்மா விடவேண்டும். அது ஆராய்ச்சியாளரின் நாணயம். அச்சுக்கோப்பவர் அங்கே ஈயக் குவாடுகளை அடுக்கி இடத்தைக் காப்பாற்றினார். ஒன்றும் இல்லாத இடத்துக்கும் அவருடைய பெட்டியில் ஒரு பொருள் இருந்தது. இயந்திரத்துக்கு ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. கீழே இருப்பவன் ஒரு படி மேலே ஏறிவிடுகிறான். பேரன் பாட்டனோடு போர் செய்கிறான்.

கையால் தட்டச்சு செய்தாலும் கதை வேறில்லை. ஆங்கிலத்தில் எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துரு உண்டு. இடைவெளிப் பட்டையைத் தட்டியே நிரல் பிடித்துவிடலாம். தமிழில் 'ர' ஒல்லி, 'ணை' தடியன். ஒரு எழுத்துருவில் இடைவெளி விட்டு நேராக நிறுத்திய வரிசை, இன்னொன்றில் பாதையோரத்து வேலிபோல் சாய்ந்துவிடும். டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறிய காலத்தில் எழுத்துகள் பிழைத்தன. இடைவெளியை நம்பி நின்ற வரிசைகள் பிழைக்க நியாயமில்லை.

இத்தனைக்கும் வலைப்பக்க மொழியில் அட்டவணைக்கு வழி இல்லாமல் இல்லை. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.எம்.எல். 3.2 தரத்திலேயே அது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த சில வருஷங்கள் அதை அட்டவணைக்கு அல்லாமல் பக்கத்தை அலங்காரமாகப் பிரிக்கவே அதிகம் பயன்படுத்தினார்கள். அலங்கார வேலையை சி.எஸ்.எஸ். ஏற்றுக்கொண்ட பிறகு, டேபிளைத் தொடுவதே பாவம் என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. பாத்திரம் துலக்கப் பட்டுத்துணியை எடுத்தவர்கள், பிறகு பட்டையே குற்றம் சொன்ன கதை. காலிக் கட்டத்தைக் காலியாகவே வைக்கலாம். இரண்டு தலைமுறை வாழ்ந்த புலவருக்கு இரண்டு வரிசை உயரத்துக்கு ஒரே கட்டம் கொடுக்கலாம். 'இது தலைப்பு' என்று சில கட்டங்களைக் குறித்துவிட்டால், கண் தெரியாதவர் கேட்கும் வாசிப்புக் கருவிகூட "மூன்றாம் தலைமுறை, சேரர்" என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லும். அச்சில் முடியாத காரியம் அது. பக்கத்தைப் படம் பிடித்து ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறவர்கள் இந்த வாசகரை நினைத்துப் பார்ப்பதில்லை.

கைபேசிதான் பெரிய சங்கடம். அகலம் போதாதபோது பத்திகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுவது இப்போது வழக்கம். அப்படிச் செய்தால் சோழர் பட்டியல், பாண்டியர் பட்டியல், சேரர் பட்டியல் என்று மூன்று தனிப் பட்டியல்கள் மிஞ்சும். எந்தப் பிரிவை உடைத்து ஒன்றாக்க சிவராஜ பிள்ளை அந்தப் புத்தகத்தை எழுதினாரோ, அந்தப் பிரிவையே கைபேசி திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. உடைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்கே உடைக்கவேண்டும். ஒரு தலைமுறை ஒரு துண்டு. இது தொழில்நுட்பம் தெரிந்தவர் மட்டும் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. புத்தகத்தைப் படித்தவர் எடுக்கவேண்டியது.

சிவராஜ பிள்ளையின் அட்டவணையில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. கட்டம் என்பது கண்டிப்பான எஜமான். ஒரு பெயர் இங்கே இருக்கவேண்டும், அல்லது அங்கே இருக்கவேண்டும். 'இருக்கலாம்' என்பதற்குக் கட்டம் கிடையாது. மூன்று பாட்டால் நிலைநிறுத்தப்பட்டவனும் ஒரு ஊகத்தால் உட்கார வைக்கப்பட்டவனும் ஒரே அளவு எழுத்தில், ஒரே கோட்டுக்குள் அமர்ந்திருக்கிறார்கள். அச்சுக்கு அதற்குமேல் சக்தி இல்லை. வலைப்பக்கத்துக்கு உண்டு. ஒவ்வொரு பெயரையும் தொட்டால் அது எந்தப் பாட்டின் பலத்தில் அங்கே நிற்கிறது என்று திறந்து காட்டலாம். பாட்டுகள்தான் ஏற்கெனவே இணையத்தில் இருக்கின்றனவே. நாஞ்சில் வள்ளுவனைத் தொட்டால் 137 முதல் 140 வரை நான்கு பாட்டும் 380-ஆம் பாட்டும் வரவேண்டும். தொட்டும் ஒன்றும் வராத பெயர்கள் எத்தனை என்று அப்போது எண்ணிப் பார்க்கலாம்.